எருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மாவும்

திருவொற்றியூர் மொட்டைமாடியில் ரோஜா வைத்தேன்; போயிற்று. செம்பருத்தி, அதுவும் போயிற்று. கடலின் உப்புக்காற்றும் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும் சேர்ந்தால் எது நிற்கும்? ஜம்மென்று நின்றது ஒன்றே ஒன்று... ரயில்வே டிராக் ஓரத்து எருக்கு! உடைந்த டிரம்மில் மண் போட்டு ஒரு போத்தை ஊன்றினேன். சில மாதத்தில் இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாய் ஊதாப் பூ.

ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்துவிட்டார். "இன்னா தம்பி, எருக்கு மொளைச்ச வூடு உருப்படுமா? ஞாயித்துக்கெயமைக்குள்ள புடுங்கிப் போடு. இல்லாங்காட்டி வேற வூடு பாரு!"

என் சம்பளத்துக்கு வேறு வீடா?

அவர் பயத்திலும் நியாயம் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஆனால் அந்த விஷ இலையே ஒரு ஜீவனுக்கு மூணு வேளைச் சாப்பாடு. வெந்தய வரியன் என்கிற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலும் அதன் சொந்தக்காரச் செடிகளிலும்தான். புழு இலையைத் தின்று விஷத்தை உடம்பிலேயே சேமித்துக்கொள்ளும். பறவை ஒருமுறை ருசி பார்த்தால் மறுமுறை கிட்டே வராது. இதைக் கவனித்தோ என்னவோ, விஷமே இல்லாத வேறொரு இனத்துப் பெண்பூச்சி, அதே கலரில் புடவை கட்டி உலாத்துகிறது! பூவுக்கு வருவது கருவண்டு. எருக்கின் மகரந்தம் தூளாக இல்லை. பொட்டலமாக வண்டின் காலில் ஒட்டிக்கொள்ளும். பார்சல் சர்வீஸ்!

காதல் கைகூடாத சங்ககால வாலிபர்கள் எருக்கம்பூ சூடி, பனைமடல் குதிரையேறித் தெருவுக்கு வந்ததைக் குறுந்தொகை சொல்கிறது. எருக்கால் நான் தெருவுக்கு வருவேன் போலிருந்தது, அதுவும் காதல் இல்லாமலே.

சனிக்கிழமை ராத்திரி இலைக்கடியில் பச்சையாய் ஒரு கூடு தொங்கியது. கீழே ஓடினேன்.

"பத்து நாள் டைம் குடுங்கம்மா."

"இன்னாத்துக்கு?"

"பிரசவம்மா!"

முறைத்தார். ஆனால் தினமும் துணி காயப்போடும் சாக்கில் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஒன்பதாம் நாள் காலை கூடு கண்ணாடியாகி, உள்ளே ஆரஞ்சு இறக்கை தெரிந்தது. நான் ஆபீசுக்கு அரைநாள் லீவு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அம்மாவும் மேலே வந்துவிட்டார். சுருங்கிய இறக்கை விரிந்து காயும் வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பிறகு அது கடல் பக்கமாய்ப் பறந்தது.

"புள்ளையார் சதுர்த்திக்கு எனக்கு ஒரு மாலைக்குப் பூ வோணும்" என்றார் அம்மா, படியிறங்கியபடி. "புழு கீற கெளைய வுட்டுட்டுப் பறி, தம்பி."