சீனிக் கணக்கு

மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டால் உடம்பு தானாகவே மெலிந்துவிடும் என்றொரு நம்பிக்கை எம்மவர் மத்தியில் உண்டு. இறைச்சி, மீன், முட்டையை விட்டுப் பயறும் பருப்பும் கீரையும் குரக்கன் புட்டுமாகச் சாப்பிட்டால் நிறை குறையும் என்பது பெருமளவுக்கு உண்மைதான். ஆனால் சீனியும் மரக்கறிதான் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோலாவும் ரொபியும் சைவம். மோதகமும் சைவம். வெள்ளிக்கிழமை விரதமென்று சொல்லி மதியம் இரண்டு கிண்ணம் பாயசம் குடிப்பவர்களை நான் அறிவேன். அவர்களிடம் மச்சம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் கோபம் வரும்!

பக்குரங்காவுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வருடம், குடும்ப வைத்தியர் எழுதித் தந்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 46 என்று வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களாக இரத்தத்தில் சீனி எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டும் எண் இது. நியூசிலாந்தில் 40 வரை சாதாரணம். 41 தொடக்கம் 49 வரை சலரோகத்தின் வாசற்படி. 50உம் அதற்கு மேலும் சலரோகம். ஐயாவுக்குக் காலில் ஒரு சிறு புண் வந்து, அது ஆறாமல், முதலில் பெருவிரலும் பின்னர் முழங்காலுக்குக் கீழேயும் எடுக்கப்பட்டதை நான் பதினாறு வயதிற் கண்டவள். ஆகவே 46 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்தியை இவ்விடத்திற் சொல்லவேண்டும். தென்னாசியரான எங்களுக்கு இந்த வருத்தங்கள் மற்றவர்களிலும் இளவயதில் வருவதால், 2018இல் இந்நாட்டுச் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டல் எங்கள் ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும் இருதய நோய்க்கான பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. ஆபத்துக் காரணிகள் இல்லாத ஏனையோருக்கு அது முறையே 45, 55. ஆங்கிலம் தடக்குகிறதே என்று பின்நிற்க வேண்டாம். 1996 முதல் நடைமுறையில் உள்ள நோயாளர் உரிமைக் கோவை, தேவையான இடத்தில் இயன்றவரை மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையையும் தருகிறது. நேரம் பதியும்போதே கேட்டு வைப்பது நல்லது.

வைத்தியர் மருந்து தரவில்லை. நிறையைக் குறைக்கச் சொன்னார். மரக்கறிச் சாப்பாடு எனக்குப் புதிதல்ல என்பதால் அதையே வழியாக எடுத்துக்கொண்டேன். அங்கிருந்த தாதி ஒரு கொப்பியைத் தந்து, மூன்று நாட்களுக்கு வாயில் வைப்பதெல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல் என்று எழுதியதைப் பார்த்து மெச்சினார். பிறகு தேத்தண்ணியின் பக்கம் வந்தார். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். ஆகவே நாளொன்றுக்கு 40 கிராம், 160 கலோரி. அவர் அங்கேயே வருடக் கணக்கைப் போட்டுக் காட்டினார்: 14 கிலோ 600 கிராம். பத்துக் கிலோ அரிசிப் பையைச் சுமந்து படியேறிய எவருக்கும் அந்தப் பாரம் விளங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு இது: நாம் சேர்க்கும் சீனியும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சீனியும் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும், இருபதிலொரு பங்குக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த இரண்டாவது அளவு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. என்னுடைய தேத்தண்ணி மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. முழுப் பழத்தில் உள்ள இனிப்பு இந்தக் கணக்கிற் சேராது. மாம்பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம். சாறாக்கிக் குடித்தால் கணக்கில் வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சத்தென்று வாங்கும் ஒரு குவளை தோடம்பழச்சாற்றில் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி உண்டு. இங்கே குழாய்த் தண்ணீர் கொதிக்கவைக்காமலே குடிக்கத்தக்கது, அதுவும் மலிவு.

சுப்பர்மார்க்கெட்டில் பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு 'சுகர்ஸ்' என்று போட்டிருப்பார்கள். ஒரே வகைச் சாமான்கள் இரண்டை ஒப்பிட இதுவே வழி. அந்த எண்ணில் இயற்கையாக உள்ளதும் சேர்த்ததும் கலந்தே இருக்கும் என்பதால், உள்ளடக்கப் பட்டியலையும் பார்க்கவேண்டும். நிறை கூடியது முதலில் வரும் ஒழுங்கில் அது எழுதப்படுகிறது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ரைஸ் சிரப், பழச்சாற்றுச் செறிவு எல்லாம் ஒரே குடும்பம், பெயர்தான் வேறு. பாலை விட்டுச் சோயாப் பாலுக்கு மாறுபவர்கள் 'அன்சுவீட்டன்ட்' என்று எழுதியதை எடுக்கவேண்டும். (முட்டை, பால் எல்லாவற்றையும் முற்றாக விடுபவர்கள் பி12 விற்றமின் பற்றி வைத்தியரிடம் கேட்கவும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் பேர்க்கன்ஹெட் பக்கம் போனபோது, துறைமுகக் கரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் பெரிய கட்டடங்களைக் காட்டி அம்மா என்னவென்று கேட்டார். அது செல்சி சீனித் தொழிற்சாலை, 1884 முதல் இயங்குகிறது. அதை நெடுங்காலம் வைத்திருந்த கொலோனியல் சுகர் கம்பெனிக்கு பிஜியிலும் ஆலைகள் இருந்தன. அங்கிருந்து சீனி இங்கே சுத்திகரிக்க வந்தது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளிற் பெருந்தொகைத் தமிழர் அந்தத் தீவிற் கரும்பு வெட்டினார்கள். அந்தப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியதை அம்மா பள்ளியிற் படித்தவர். சற்று நேரம் பேசாமல் நின்றார். சீனியைக் குறைக்க அது காரணமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

உண்மையில் சிரமம் சீனியில் இல்லை, உபசரிப்பிலே இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும், "என்ன அக்கா, எங்கட தேத்தண்ணி பிடிக்கேல்லையோ?" என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலோ அம்மா, "வந்த சனத்துக்குச் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடுத்தால் எங்களை என்னெண்டு நினைப்பினம், பிள்ளை?" என்பார். இதை வெறும் பிடிவாதமென்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திற் சீனிக்கு அலைந்தவர் அவர். சீனி வைத்திருப்பதும் அதை மற்றவருக்குக் கொடுப்பதும் அவருக்கு வாழ்வு திரும்பியதன் அடையாளம்.

வழியும் அவரிடமிருந்தே வந்தது. அந்தக் காலத்தில் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்தார்களல்லவா? அப்படியே செய்து பார் என்றார். தராசில் வைத்துப் பார்த்தேன், சுண்டுவிரல் நகமளவு துண்டு 4 கிராம். கோப்பையிற் கரைந்த எட்டுக் கிராமிலும் நாக்கில் வைத்த நான்கு கிராம் கூடுதலாகத் தித்திக்கிறது. பனங்கட்டி மருந்து என்று சொல்ல வரவில்லை. அதிலும் பெரும்பங்கு சீனிதான். இங்கே பெயர்பெற்ற மனூக்காத் தேனிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனிதான். குறைந்தது அளவு, அவ்வளவே. பின்னர் ஐந்து கோப்பையை மூன்றாக்கினேன். இரண்டு மாதத்தில் அந்தத் துண்டும் காலையில் ஒன்றாகியது. பின்னேரங்களில் றோட்டரி நடைபாதையில் தமாக்கி ஆற்றோரமாக அரைமணி நேரம் நடக்கிறேன்.

எட்டு மாதத்தில் நிறை ஆறு கிலோ குறைந்தது, எச்பிஏ1சி 42. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறேன், ஆனால் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு. ஏற்கெனவே இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துத் திடீரெனச் சாப்பாட்டை மாற்றக்கூடாது. இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். முதலில் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்க்கவேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்குத் தட்டத்தில் தேத்தண்ணி வேறாகவும் சீனிப் பாத்திரம் வேறாகவும் போகின்றன. அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் வந்தவர்களிற் பாதிப்பேர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதைப் பார்த்தபின் ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய சொந்தக் கோப்பை பற்றிய பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் முடியவில்லை. இரண்டரைத் தேக்கரண்டியிற் தொடங்கி, இப்போதைக்கு ஒன்றரையில் நிற்கிறது.