வெள்ளெழுத்து அன்று

என் தமக்கையார் காரக்கோணத்தில் தையல் வேலை செய்து வாழ்பவர். 1956-இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு சேர்ந்தபொழுது, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் எங்கள் வீட்டில் தமிழுக்கும் மரச்சீனிக்கும் குறைவு வந்ததில்லை. நானோ பிழைப்பை நாடி மும்பைக்கு வந்தவன். அன்பர்கள் பலரையும் போல எனக்கும் ஊர்ச்செய்தி தொலைபேசி வழியாகவே வருகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், “தம்பி, தையலைப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு நிற்கிறது” என்றார். வயது நாற்பத்தாறு ஆயிற்றே, வெள்ளெழுத்தாக இருக்கும் என்று வீட்டார் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தனர். பொட்டு அகலவில்லை. கண்களை மாறி மாறி மூடிப் பார்த்ததில், அது வலக்கண்ணில் மட்டுமே இருப்பது தெரிந்தது. வெள்ளெழுத்து ஒரு கண்ணை மட்டும் தேடி வருவதில்லை அன்றோ! கணுக்காலில் செம்புள்ளிகள் வேறு. கொசுக்கடியானால் விரலால் அழுத்தச் சிவப்பு மங்கும்; இவை மங்கவில்லை. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசிந்தது.

இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள் அவருக்கு 8,000 மட்டுமே இருந்தன. மாதப்போக்கு மிகுந்ததால் இரத்தசோகையும் முற்றியிருந்தது. இவ்விரண்டும் கூடினால் விழித்திரையில் இரத்தம் கசிவதுண்டு என்றும், அக்கசிவே பொட்டாகத் தோன்றுகிறது என்றும் கண் மருத்துவர் விளக்கினார்.

உடலைக் காக்கவேண்டிய படையே தட்டணுக்களைப் பகையென்று கருதி அழிக்கும் நோய் இது. 1735-இலேயே வெர்ல்ஹாஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை விவரித்திருக்கிறார். காரணம் விளங்கத் தொடங்கியதோ 1950-இல்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் ஹாரிங்டன், இந்நோயுற்ற ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திற்குள் அவருடைய தட்டணுக்கள் அடியோடு வீழ்ந்தன. சில நாட்களில் மீண்டன. அழிக்கும் பொருள் நோயாளியின் இரத்தத்திலேயே இருக்கிறது என்பது அதனால் புலப்பட்டது. இத்தகைய துணிவை இன்று எந்த மருத்துவமனையும் அனுமதியாது.

தமக்கையாருக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரை கொடுத்தார்கள். தட்டணுக்கள் ஏறின, இரண்டு திங்களில் விழித்திரை இரத்தமும் வற்றிற்று. அண்டை அயலார் பப்பாளி இலைச்சாற்றைப் புகழ்ந்தார்கள். மருத்துவரோ அதனை நம்பி மாத்திரையை விடலாகாது என்றார். ஆஸ்பிரின் முதலிய வலிமாத்திரைகளையும் விலக்கினார்.

பிறகுதான் பெரும்பாடு. அம்மாத்திரையை நெடுநாள் உண்டால் கண்புரை விழும். கண்ணின் உள்ளழுத்தமும் ஏறக்கூடும். இதைக் கேட்டதும், “கண்ணைக் காக்க வந்த மருந்தே கண்ணைக் கெடுக்குமா? இன்றோடு நிறுத்திவிடுகிறேன்” என்றார். உடல் தானே சுரக்கவேண்டிய இயற்கைச் சத்து அதற்குள் ஒடுங்கியிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து இதைச் சொல்லி அவரை இணங்கவைக்க எனக்குப் பதினைந்து நாட்கள் பிடித்தன. மாத்திரை படிப்படியாகவே குறைக்கப்பட்டது.

எவரெஸ்டில் ஏற முயன்றவரும் நெய்யூரில் நெடுங்காலம் மருத்துவப் பணி புரிந்தவருமான சாமர்வெல்லின் பெயரால் எங்கள் ஊரிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருப்பதால், சோதனைக்கு அலைச்சல் இல்லை. கண்ணழுத்தம் ஏறவில்லை. இடக்கண்ணில் மட்டும் புரை தொடங்கியிருக்கிறது. அதை அகற்றுமுன் தட்டணுக்களை மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டுமாம். மழைக்காலம் கழிந்ததும் நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.