தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவள் ஏழாம் வகுப்பு. சின்னவள் வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். இந்த ஒரு வருஷத்தில் அவளுக்குக் கையும் காலும் கிடுகிடுவென்று நீண்டுவிட்டன. "ஒட்டடைக் குச்சி எதுக்கும்மா? நான் இருக்கேனே!" என்பாள்.

விருந்தாளி வந்தால், "அக்காவை அம்மா பெத்தாங்க. என்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க" என்று தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வாள். அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தது என் தம்பி. நம் வீடுகளில் எந்தக் குழந்தைதான் இதைக் கேட்காமல் வளர்ந்தது? நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய ஆல்பம் கிடைத்தது. அக்கா குப்புற விழுந்தது, தவழ்ந்தது, மொட்டை போட்டது எல்லாம் படமாக இருந்தன. இவளுடைய கைக்குழந்தைப் படம் ஒன்றே ஒன்று. பேசாமல் மூடி வைத்தாள்.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, "அம்மா, நிஜமாவே தவிட்டுக்குத்தான் வாங்கினீங்களா?" என்று கேட்டாள். குரலில் சிரிப்பு இல்லை. எனக்குத் திக்கென்றது. பிறர் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிட்டால் வலிக்காது என்றல்லவா இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்!

எழுந்து பீரோவிலிருந்து அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிறந்த எடை 2.1 கிலோ என்று எழுதியிருந்தது.

"ரெண்டரை கிலோவாவது இருக்கணும். நீ அவ்வளவு இல்லை. நர்ஸம்மா உன்னைத் துணியால என் நெஞ்சோட சேர்த்துக் கட்டிவிட்டாங்க. என் உடம்புச் சூடுதான் உனக்கும் சூடு. ஒரு மாசம் ராத்திரி பகலா அப்படியேதான் கிடந்தே. படம் எடுக்க யாருக்குடி கை ஒழிஞ்சது?"

அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்போ ரெண்டு கிலோ தவிடுதான் கொடுத்திருப்பீங்க" என்று சொல்லி, என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

இந்த வயதில் கை கால்தான் முதலில் நீளும், உடம்பு பின்னால்தான் நிறையும் என்பது நமக்குத் தெரியும். சொன்னால்தானே குழந்தைக்குத் தெரியும்? அதையும் அன்றே சொன்னேன்.

அடுத்த வாரம் தம்பி வந்தான். வந்ததும் வராததுமாகத் தவிட்டுக் கதையை எடுத்தான். "போதும்டா" என்றேன்.

"விடும்மா, மாமா பாவம். அவருக்குத் தெரிஞ்ச ஜோக் அது ஒண்ணுதான்" என்றாள் சின்னவள்.

அந்த அட்டையை மட்டும் இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.