பூச்சுக்கு முந்தைய வேலை

கூடுவாஞ்சேரியில் இப்போது எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வாசலில் எம்-சாண்ட் குவிந்து கிடக்கிறது. நகருக்குள் இடம் வாங்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்கள் புறநகர் ரயிலை நம்பி அரை கிரவுண்டு வாங்கிக் கட்டிய வீடுகள் இங்கே ஏராளம். தரைத்தளத்தை மட்டும் முடித்துவிட்டு, தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டுவைத்திருந்தார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு மாடி எடுக்கும் வேலைகள் கூடியிருக்கின்றன என்கிறார், எனக்கு இடம் காட்டிய மேஸ்திரி. பூஜை அறை, மாடுலர் கிச்சன் என்று வீட்டுக்காரர்கள் நீட்டும் பட்டியலில் இப்போது ஹோம் தியேட்டர் அறையும் இருக்கிறதாம்.

அப்படியொரு அறையைப் பார்க்கத்தான் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். முதல் மாடியில் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரத்தில் அறை. கீழே பெரிய கூடம் இருந்தும் மாடியைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம் வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த யாரும் இந்தப் பக்கத்தில் லட்ச ரூபாய்ச் சாமான்களைத் தரைத்தளத்தில் வைக்கத் தயங்குவார்கள். பழைய பூச்சை முழுவதும் உதிர்த்துவிட்டு, செங்கல் தெரிய நின்றிருந்தன சுவர்கள். தியேட்டர் அறையைப் பார்க்க இதுதான் சரியான நேரம். படம் பார்க்கும் அனுபவம் எப்படி அமையும் என்பதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் அவரைத் 'தம்பி' என்றே கூப்பிட்டார். "சார், திரை எங்கே, சோபா எங்கேன்னு மொதல்ல சொல்லிருங்க. அது தெரியாம நான் காடி அடிச்சா, நாளைக்கு ஸ்பீக்கர் ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம் நிக்கும்" என்றார். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைப்பதில்லை. சாமான் வாங்கிய பிறகுதான் அழைப்பு வருகிறது. அப்போது பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த சுவரை மறுபடி கொத்த வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் கேசிங்கைச் சுவர் மேலேயே ஓட்ட வேண்டும்.

இங்கே நேரத்தோடு கேட்டிருந்தார்கள். 100 அங்குலத் திரை என்று முடிவு. அதன் அகலம் 7 அடிக்குக் கொஞ்சம் மேல். திரையிலிருந்து 10 அடியில் உட்கார்ந்தால் படம் கண்ணுக்கு 40 பாகை விரியும். பதின்மூன்றரை அடி தள்ளிப்போனால் 30 பாகை. இந்த இரண்டுக்கும் நடுவே உட்காருவது நல்லது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடும் நம் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும், ஏனென்றால் சுவரோரத்தில் தாழ்ந்த ஒலி மட்டும் வீங்கிக் கேட்கும். சோபாவின் இடம் நிலைத்ததும் சரவுண்ட் ஸ்பீக்கர்களின் இடமும் தானே வந்துவிடுகிறது: காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால். சுவரின் உச்சியில் அவற்றை மாட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தலையை ஆட்டி மறுத்தார். மேலே கூரையில் தனியாக இரண்டு வருகிறதே, இதையும் மேலே ஏற்றினால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே விளக்கினார்.

1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தபோது சத்தம் நம்மைச் சுற்றி வந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பு டால்பி அட்மாஸில் வந்தபோது தலைக்கு மேலும் ஏறிவிட்டது. அந்த மாற்றம் கூடுவாஞ்சேரி எலக்ட்ரீஷியனின் கையில் இன்னும் இரண்டு பைப்பாக வந்து நிற்கிறது. ஸ்பீக்கர் ஒயருக்கும் கரண்ட் ஒயருக்கும் தனித்தனிப் பைப், இடையில் ஓர் அடி இடைவெளி. கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக வெட்டிக் கடக்கும். பக்கத்தில் பக்கத்தில் ஓடாது. புரொஜெக்டருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரியது, சாதாரணப் பைப்பில் நுழையாது. அதற்கு அகலமான பைப் போட்டு, உள்ளே ஒரு இழுகம்பியையும் விட்டுவைத்திருந்தார். ஐந்து வருடம் கழித்து வேறொரு கேபிள் வந்தால் அதை இழுக்க யாரோ ஒருவர் வருவாரல்லவா, அவருக்காக. முகம் தெரியாத அந்த ஆளுக்காக இன்றைக்கே யோசிப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பக்கத்து அறை ஏற்கெனவே பூச்சும் டைல்ஸும் முடிந்து காலியாகக் கிடந்தது. அங்கே போய் ஒருமுறை கைதட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் தெறித்து, மெல்ல மெல்லத்தான் அடங்கியது. இதை முதன்முதலில் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சேபின். 1895இல், புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் வேலை அவருக்கு வந்தது. இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அவருடைய சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 16க்கு 11 அடி அறை பூச்சும் டைல்ஸுமாக வெறுமையாக இருக்கும்போது ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். படம் பார்க்க அது மூன்றில் ஒரு விநாடியை ஒட்டி வர வேண்டும். சோபா, கம்பளம், திரைச்சீலை, உட்காரும் மனிதர்கள் எல்லாம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வார்கள். மிச்சத்துக்குத்தான் ராக்வூல் பலகை.

அந்தப் பலகைகள் எங்கே வர வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த விதம் அழகு. ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்திருந்த பீகார் இளைஞர் ஒரு கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்தினார். சோபா வரப்போகும் இடத்தில் எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி. கண்ணாடியில் வாளி தெரிந்ததும் "நில்லு தம்பி" என்றார். அங்கே சாக்பீஸ் குறி விழுந்தது. ஒளி போலவே ஒலியும் அந்தப் புள்ளியில் பட்டுத்தான் காதுக்குத் திரும்பும். ஒருவருக்குத் தமிழ் அரைகுறை, இன்னொருவருக்கு இந்தி அரைகுறை. குறிகள் மட்டும் பிசகாமல் விழுந்தன.

உள்ளே சத்தம் நன்றாக இருப்பது ஒரு வேலை, அதை வெளியே விடாமல் காப்பது வேறொரு வேலை. அரை கிரவுண்டு மனைகளில் அடுத்த வீட்டுப் படுக்கையறைக்கும் இந்தச் சுவருக்கும் இடையே மிஞ்சிப்போனால் ஐந்தாறு அடி. இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபல் வரை தடுக்கும். ஆனால் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவுக்கடி இடுக்கு, ஏசி குழாய் போகும் துளை, நாலரை அங்குலச் சுவரில் முதுகோடு முதுகாக வைத்த இரண்டு சுவிட்ச் பெட்டிகள் என்று அந்த நூறில் ஒரு பங்கு எங்கும் ஒளிந்திருக்கும். எலக்ட்ரீஷியன் பெட்டிகளை ஒன்றுக்கொன்று விலக்கி வைத்திருந்தார். கதவு விஷயத்தில்தான் வீட்டுக்காரர் தயங்கினார். உள்ளே பொள்ளலான பிளஷ் டோர் போதும் என்பது அவர் எண்ணம். கனமான கதவும் அதன் விளிம்பு சுற்றிலும் ரப்பரும் வேண்டும் என்று ஆசாரி சொல்லிப் பார்த்தார். என்னைக் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். கூரை ஸ்பீக்கர் இரண்டையும் அடுத்த பொங்கலுக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம், பைப் இருக்கிறது. ஒருமுறை நட்ட நிலையைப் பெயர்த்தெடுப்பது அப்படி எளிதல்ல.

காடி அடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அறை புகைமண்டலமாகிவிட்டது. எலக்ட்ரீஷியனின் உதவியாள், இருபதைத் தாண்டாத பையன், ஒரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். செங்கல்லையும் சிமெண்டுக் கலவையையும் உலர்ந்தபடி வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் அது படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. சுவரை நனைத்து வெட்டுவதும், தூசியை உறிஞ்சும் கருவியை இயந்திரத்தோடு சேர்ப்பதும், எஃப்எஃப்பி2 அல்லது என்95 தரத்து முகக்கவசமும்தான் தடுக்கும். முகக்கவசத்தின் விலையை இந்த அறைக்கு வரும் எந்தச் சாமானின் விலையோடும் ஒப்பிடவே முடியாது. வேலையை ஒப்பந்தம் பேசும்போதே அதைக் கூலியோடு சேர்த்து எழுதிவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருடைய மனைவி அதற்குள் மருந்துக்கடைக்கு ஆளனுப்பிவிட்டார். ராக்வூல் வெட்டும் நாளில் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும் என்று பீகார் இளைஞரும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இழை தோலில் பட்டால் நாளெல்லாம் அரிக்கும்.

மாலைக்குள் பைப்புகள் எல்லாம் காடிக்குள் உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பூசிய பிறகு ஆணி அடிப்பவருக்கு அது வரைபடம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மேல்மாடியில் வரப்போகும் குளியலறையின் கழிவுக் குழாய் இந்த அறையின் மூலை வழியாக இறங்குகிறது. படத்தின் அமைதியான காட்சியில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். குழாயை வெளிச்சுவருக்கு மாற்றலாமா, ராக்வூல் சுற்றிச் செங்கல் வைத்து மூடலாமா என்று பேசி, மாற்றுவதே நல்லது என்று முடிவானது. பிளம்பர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதுவரை பூச்சு வேலை நிற்கும் என்பதால், கொத்தனாரையும் இரண்டு சித்தாட்களையும் மறைமலைநகரில் நடக்கும் இன்னொரு கட்டடத்துக்கு அனுப்ப மேஸ்திரி அங்கிருந்தே போன் போட்டார்.