ஆறு குழல்களும் ஒரு ஃப்ரீவீலும்

கல்லூரி நாடகத்துக்குத் துப்பாக்கி வேண்டும் என்று மாணவிகள் கேட்டபோது முதலில் மறுத்தேன். இருபது வருடமாகப் போருக்கு எதிராகக் கவிதை எழுதி வருகிறவள் நான்.

"பொம்மைத் துப்பாக்கிதானே மேடம்" என்றாள் ஒருத்தி. "ஆனா குழல் சுத்தணும். 'கைதி' கிளைமாக்ஸ்ல வருமே, அது மாதிரி."

நாடகம் ரிச்சர்ட் கேட்லிங்கைப் பற்றியது. விதை விதைக்கும் கருவி செய்தவர். மருத்துவம் படித்தும் வைத்தியம் பார்க்காதவர். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, சுழலும் குழல்கள் கொண்ட துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். 1877இல் லிஸி ஜார்விஸ் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் அதற்குக் காரணம் சொல்கிறார்: நூறு பேரின் போர்வேலையை ஒருவனே செய்துவிட்டால் பெரிய படைகள் தேவைப்படாது, போரிலும் நோயிலும் சாகிறவர்கள் குறைவார்கள். எல்லாம் உயிரைக் காப்பாற்றத்தானாம். 'உன் நல்லதுக்குத்தான்' என்பதைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் யார்? அந்தக் கடிதத்துக்கு மாணவிகள் ஒரு பதில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு சம்மதித்தேன்.

குழல்களுக்கு அரை இஞ்ச் பிவிசி பைப். அவற்றைப் பிடித்து நிறுத்த 12 செ.மீ. விட்டத்தில் மூன்று பிளைவுட் வட்டுகள். ஆறு துளைகளைச் சம இடைவெளியில் குறிப்பது எப்படி என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி காம்பஸை 4 செ.மீ. விரித்து வட்டம் போட்டாள். அதே விரிப்பில் வட்டத்தின் மேலேயே தாவித் தாவிக் குறித்தாள். ஆறாவது தாவலில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்தாள். "ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்குன அன்னைக்கே இதுல பூ போட்டுப் பாப்போமே மேடம்."

நடுவில் 8 மி.மீ. இரும்புத் தண்டு, இரு முனையிலும் பேரிங். முதல்முறை சுழற்றியபோது மொத்தமும் தள்ளாடியது. ஒரு வட்டின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது. மூன்று வட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி, ஒரே தடவையில் துளையிட்ட பிறகுதான் சரியானது.

நிஜ மினிகன் நிமிடத்துக்கு 3000 குண்டுகள் சுட, ஆறு குழல்களும் சேர்ந்து 500 சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் பார்ப்பவர்களுக்கு மங்கல்தான் தெரியும். எங்களுக்கு 200 சுற்று கியர் மோட்டார் போதுமானதாக இருந்தது. ஆனால் சுவிட்சை அணைத்தால் அது சட்டென்று நின்றது. சுடுவது நின்ற பிறகும் குழல்கள் சுழன்று மெல்ல ஓய வேண்டும், லிஸி வாய் திறப்பது அப்போதுதான். கனமிருந்தால் சுழற்சி நீளும் என்று குழல்களில் மணலை நிரப்பி அடைத்தோம். அப்படியும் மோட்டார் பிடித்து நிறுத்தியது.

"மிதிக்கிறத விட்டாலும் சைக்கிள் ஓடுதே மேடம்" என்றாள் ஒருத்தி. மறுநாள், பள்ளியில் அரசு கொடுத்த இலவச சைக்கிளின் ஃப்ரீவீலைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். துருவேறி இறுகியிருந்தது.

என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளி விட்டதும் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது என் வேலை. ஸ்பேனரைத் துடைத்துக் கொடுக்கலாம், பிடிக்கக் கூடாது. "கிரீஸ்ல ஏன்டி கை வைக்குற? பொண்ணு பாக்க வர்றவங்க நகத்தைப் பாத்துட்டுப் போயிருவாங்க." அண்ணன் தொழில் கற்றான். அப்பாவுக்குப் பின் கடையை விற்றான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவளுக்குக் கடை எதற்கு என்று நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

ஃப்ரீவீலின் மூடி வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அண்ணன் திருப்புவதைக் கல்லாவிலிருந்து பார்த்தது நினைவிருந்தது. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். கழன்றது. குட்டி இரும்புக் குண்டுகள் தரையெங்கும் சிதற, ஆளுக்கொரு மூலையில் தவழ்ந்து பொறுக்கினோம். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகப் பதித்தேன். அன்றிரவு சோறு பிசையும்போதும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

அதைத் தண்டில் வெல்டிங் வைக்கப் போனபோது, பட்டறைக்காரர் எங்கள் ஐந்து பேரையும் தாண்டிப் பார்த்து, "சார் யாரும் வரலீங்களா?" என்றார்.

'பிரிடேட்டர்' என்ற 1987ஆம் ஆண்டுப் படத்தில் ஜெஸ்ஸி வென்ச்சுரா மினிகன்னைத் தனியாளாகத் தூக்கிச் சுடுவார். அதைச் சுற்றவைத்த மின்கம்பி அவருடைய பேன்ட்டுக்குள் மறைந்திருந்தது. எங்கள் கேட்லிங்குக்குப் பின்னால் பேட்டரி வரை போகும் கம்பியை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேடையில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது.

நாடகத்தன்று சுவிட்ச் அணைந்தது. குழல்கள் சுழன்றுகொண்டே இருந்தன. அரங்கம் அமைதியானதும் டிக் டிக் டிக் என்ற சத்தம் கேட்டது. மிதிப்பதை விட்டுவிட்டு ஒரு பெண் இறக்கத்தில் சைக்கிளில் போகும் சத்தம். அது ஓயும்வரை காத்திருந்து லிஸி பேசத் தொடங்கினாள்.