எழுத்துக்கு முன்னே

மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது மிக இலகுவான காரியமென்றும், கொஞ்சம் பொறுமையும் இரண்டு பாட்டுகளும் கைவசமிருந்தால் யாரும் அதைச் செய்துவிடலாமென்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அரசலாற்றங்கரைக் கிராமமொன்றின் அங்கன்வாடியில் தன்னார்வத் தொண்டராகச் சேர்ந்து, அங்குள்ள டீச்சரும் ஆயாவும் காலைமுதல் செய்கிற வேலையைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்த எனக்கு, நெசவுக்கு வேண்டிய கைப்பழக்கமும் கண்ணின் கூர்மையும் இந்தத் தொழிலுக்கும் வேண்டுமென்பதில் இப்போது சந்தேகமில்லை.

அங்கன்வாடி என்னும் ஏற்பாடே கள அனுபவத்தில் பிறந்ததுதான். பாவநகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மாண்டிசோரி முறையில் தேர்ச்சி பெற்ற தாராபாய் மோடக், 1945-இல் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டி கிராமத்துக்குச் சென்று, அனுதாயி வாகின் துணையுடன் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வாராவிடில் பள்ளியே அவர்களுடைய முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவ்விருவருடைய சித்தாந்தம். விலையுயர்ந்த உபகரணங்களுக்குப் பதிலாகச் சுற்றுப்புறத்தில் கிடைத்த பொருள்களே அங்கே கருவிகளாயின. 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானபோது அங்கன்வாடி என்னும் பெயரே தேசமெங்கும் நிலைத்தது.

நான் சென்றது ஜூன் மாதம். புதிய பிள்ளைகள் வந்து சேரும் காலம். பிள்ளை வேறெங்கோ பார்க்கும் சமயத்தில் நழுவிவிட எண்ணித் தாய்மார்கள் வாசற்படியில் தயங்கி நிற்பார்கள். டீச்சர் அதற்கு ஒருபோதும் இடங்கொடுப்பதில்லை. “போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போம்மா. சொல்லாமப் போனா நாளைக்கு உன் முந்தானைய விடவே மாட்டான்” என்பார். பிள்ளை அழுவான், அழட்டும். ஆனால் தாய் போனதை அறிந்து அழுகிறவனுக்கும், அவளைக் காணோமென்று திகைத்து அழுகிறவனுக்கும் உள்ள பேதத்தை நான் அந்த வாசலில்தான் கண்டேன். அழுகிறவனிடம் ஆயா சமாதான வார்த்தை எதுவும் பேசாமல், “இந்த டம்ளரையெல்லாம் வரிசையா வச்சுக் குடுடா தங்கம்” என்று ஒரு வேலையைக் கையில் கொடுப்பார். விம்மிக்கொண்டே அவன் வைத்து முடிப்பதற்குள் அந்த இடம் அவனுக்குச் சற்றே சொந்தமாகியிருக்கும்.

கதைநேரம் இன்னும் விசேஷமானது. காக்கை வடையைக் கவ்விய பழைய கதையைத்தான் டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வார். புதுக்கதை கேட்காமல் பிள்ளைகள் சலிப்படைவார்களே என்று நான் எண்ணியதுண்டு. ஆனால் அடுத்து வருவது இன்னதென்று தெரிந்திருப்பதே அந்த வயதில் பெரிய ஆனந்தமாக இருக்கிறது. கதை நன்றாக மனத்தில் படிந்தபின், ஒருநாள் டீச்சர் நரியை விட்டுவிட்டு வேண்டுமென்றே மேலே போனார். அதுவரை யாரிடமும் வாய்திறவாமல் சுவரோரம் ஒட்டியிருந்த பெண்குழந்தை, “நரி எங்க டீச்சர்?” என்றாள். அவளைப் பேசவைப்பதற்காகவே போடப்பட்ட கண்ணி அது என்பதை, டீச்சர் என்னை நோக்கிய ஒரு பார்வையிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் எடைபார்த்துப் பதிய வேண்டும். சத்துமாவுக்கும், வாரம் மூன்று நாள் போடும் முட்டைக்கும் கணக்கு வைக்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்ல வேண்டும். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியிலும் விவரங்களை ஏற்ற வேண்டும். அந்தக் கைபேசியைக் காலைப்பொழுது முழுவதும் அலமாரிக்குள் வைத்துவிடும் டீச்சரின் நியமத்தை நான் மனதாரப் போற்றுகிறேன்.

ஆயினும் ஊரார் கேட்பது வேறு. மஞ்சள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் அண்டைவீட்டுப் பிள்ளை ஏபிசிடி எழுதுகையில், தம் மகன் புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டும் ஆற்றுக் களிமண்ணை உருட்டிக்கொண்டும் இருப்பதைப் பொறாத ஒரு தகப்பனார், சிலேட்டும் பல்பமும் வாங்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார். டீச்சர் கோபிக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, தரையில் சாக்குக்கட்டியால் போட்ட வளைகோட்டின்மேல் விதைகளை ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னார். பாதிக்குமேல் விரல்கள் தளர்ந்து, விதைகள் கோட்டைவிட்டு விலகின. “பாத்தீங்களாண்ணே, கை இன்னும் பலப்படல. இப்பப் பல்பத்தக் குடுத்தா எழுத்து மேலயே வெறுப்பு வந்துடும்” என்றார்.

அவர் அனுபவத்தால் சொன்னதற்குச் சரீர சாஸ்திரமும் சாட்சி கூறுகிறது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருந்து, பின்னர் பல ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறுகுகின்றன. மூன்று வயதில் அந்த வேலை பாதிகூட முடிந்திராது. விரல்களை ஆளும் சிறு தசைகளும் அப்போதுதான் பழகி வருகின்றன. அந்தக் கையைப் பிடித்து வைத்து எழுத்தை வரையச் செய்வதைக் கல்வியென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

தகப்பனார் முழுதும் இணங்கிவிடவில்லை. “சரிம்மா, தீபாவளி வரைக்கும் பாப்போம்” என்று சிலேட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகலிலேயே டீச்சர் அந்தப் பையனுக்கென்று ஒரு பட்டியலை என்னிடம் எழுதச் சொன்னார்: தினமும் களிமண், ஒருநாள்விட்டு ஒருநாள் நூலில் மணி கோப்பது, பழந்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிவது, ஆயாவுடன் கீரை ஆய்வது.