கங்கை தந்த கெண்டை

கெண்டை என்றவுடன் நம் புலவர்களுக்குப் பெண்களின் கண்கள்தான் நினைவுக்கு வரும். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் சதைக்குக் கெண்டைக்கால் என்று பெயர் வைத்த புண்ணியவான் புலவராக இருக்க முடியாது. மீன் பிடிக்கிறவனாகத்தான் இருந்திருப்பான். கண்ணுக்கு உவமை சொன்னவர் பார்த்தது வாய்க்காலில் பளிச் பளிச்சென்று புரளும் விரல் நீளக் கெண்டை. அவரைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போய்ப் பத்துக் கிலோ கட்லா ஒன்றைக் காட்டியிருந்தால், தமிழில் ஓர் உவமை குறைந்திருக்கும். அதன் தலை மட்டுமே ஒரு சின்னத் தவலை அளவு இருக்கும்! எந்தப் பெண் அந்த உவமையை மன்னிப்பாள்?

அந்தப் பெரிய ஜாதிக் கெண்டையைத் தூண்டிலில் பிடிப்பதையே நாற்பது வருஷமாகத் தவமாகக் கொண்ட ஒருவர் ஜெயங்கொண்டத்துப் பக்கத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பங்குனி மாத வெயிலில் அரியலூருக்கு ரயில் ஏறினேன்.

அரியலூர் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது சிமெண்டு. சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் எப்படி வந்தது என்பது இன்னும் ஸ்வாரஸ்யம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தச் சீமை கடலடியில் இருந்தது. நத்தைச் சுருள் போன்ற கடற்பிராணிகளும், சுறாவின் பற்களும் கல்லாகி இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. வாரணவாசியில் இவற்றுக்காக ஒரு காட்சிசாலையே இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கும் மீனுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் பார்க்கப் போன பெரியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். வயது அறுபத்தாறு. ஒல்லியான தேகம், வெயிலில் காய்ந்து கறுத்த முகம், கண்கள் மட்டும் எப்போதும் எதிரே தண்ணீர் இருப்பதுபோல் கொஞ்சம் சுருங்கியே இருக்கின்றன.

"என் பேரைப் போட வேண்டாம், தம்பி. பத்திரிகையிலே பேர் வந்துதுன்னா ஏரிக் குத்தகைக்காரர் எனக்கு மட்டும் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏத்திடுவார்" என்றார்.

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி ஜில்லாவில் சேர்ந்திருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். சைக்கிளில் தபால் கொடுக்கப் போன ஊரிலெல்லாம் ஆட்களைவிட ஏரிகளோடு அதிகமாகப் பழகியிருக்கிறார். அரும்பாவூர் ஏரியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், இலாடபுரத்தில் எந்த மதகடியில் ஆழம் என்பதெல்லாம் அவருக்கு விலாசம் மாதிரி மனப்பாடம். பாலபாடம் மருதையாற்றில். பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் அந்தச் சிற்றாறு, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும். 1956 நவம்பரில் அதே ஆறுதான் வெள்ளம் பெருகி ரயில் பாலத்தைச் சாய்த்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். "ஆத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதுன்னு எங்க அப்பா அடிக்கடி சொல்வாரு" என்றார் பெரியவர்.

கெண்டைக் கதைக்கு வருவோம். இன்று நம் சந்தைகளில் கட்லா, ரோகு, மிர்கால் என்று கூவி விற்கிறார்களே, இந்த மூன்றும் நம் ஆற்று மீன்கள் அல்ல. வடக்கே கங்கை முதலான நதிகளின் பிரஜைகள். கட்லா சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கோதாவரியிலிருந்து காவிரிக்குக் குடியேற்றப்பட்டுவிட்டது. ஆனால் எல்லா ஏரிகளுக்கும் பரவ முடியவில்லை. காரணம், இந்த மீன்கள் வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் எத்தனை வருஷம் வளர்த்தாலும் பிள்ளை பெறாது. வங்காளத்து ஆறுகளில் வெள்ளக் காலத்தில் குஞ்சுகளை வடித்தெடுத்து, மண்பானைகளில் வைத்து ரயிலேற்றுவார்கள். பானையோடு செத்துப் போனவை எத்தனையோ. 1957 ஜூலை 10-ந் தேதி ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்திலேயே கெண்டைகளை முட்டையிட வைத்தார். மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் ஏரிகளில் கட்லா துள்ளுவது அந்த ஊசியின் மகிமை!

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இடம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் விமானம் தூரத்தில் தெரிய, பொன்னேரிக் கரையில் உட்கார்ந்திருந்தோம். ராஜேந்திர சோழன் கங்கை வரை படையனுப்பி, அந்த நதியின் நீரைக் கொண்டுவரச் செய்து, வெற்றித் தூணைத் தண்ணீராலேயே நாட்டியதுபோல் வெட்டிய சோழகங்கம் இதுதான். இதன் கரை 16 மைல் நீளம் என்று ஆங்கிலேயர் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய வாய்க்கால்கள் தூர்ந்து போய், இன்று பெரும்பாலும் மழையை நம்பித்தான் பிழைக்கிறது. மன்னன் கங்கை நீரைக் கொண்டுவந்தான். சுமார் ஆயிரம் வருஷம் கழித்துக் கங்கை மீனும் வந்து சேர்ந்துவிட்டது. சற்றுத் தாமதம்தான்!

பெரியவர் விடியுமுன்பே ஆயத்தமாகிவிட்டார். மூங்கில் கழி, மயிலிறகின் தண்டில் செய்த தக்கை, மிளகளவு ஈயக்குண்டு, முள். இரைதான் மிகவும் விசேஷம். கடலைப் பிண்ணாக்கு, வறுத்த தவிடு, பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் மைதா எல்லாவற்றையும் பிசைந்து, அதில் ஏலக்காய் தட்டிப் போடுகிறார்.

அவர் மனைவிக்கு இந்த ஏலக்காய் தீராத மனத்தாங்கல். முதல் நாள் இரவே என்னிடம் பிராது கொடுத்துவிட்டார்: "நீங்களே கேளுங்க, தம்பி. பேரனுக்குப் பாயசம் வைக்கலாம்னு டப்பாவைத் திறந்தா, தோல்தான் இருக்கு. ஆத்திலே போட்டாலும் அளந்து போடணும்னு பெரியவங்க சொன்னாங்க. இவங்க அளக்கிறதே இல்லை!"

"வாசனை இல்லாட்டி மீன் வராது" என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. முகர்ந்து, உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருப்பதால் அது நடுநீரிலும் மேலேயும் மேயும். மிர்கால் தரையைத் துழாவும். இரையை எந்த ஆழத்தில் தொங்க விடுவது என்பதிலேயே பாதி வித்தை அடங்கியிருக்கிறது. பேசவும் கூடாது. கெண்டை ஜாதிக்குக் காற்றுப்பையிலிருந்து காது வரை சின்னஞ்சிறு எலும்புகள் தொடராக இருந்து ஓசையைக் கடத்துகின்றன. கரையில் செருப்பு உரசினாலும் அதற்குக் கேட்கும். என் செருப்பை முந்நூறு அடிக்கு அப்பாலேயே கழற்றச் சொல்லிவிட்டார். பங்குனி மாதத்துக் கருவேல முள்ளின் கூர்மையைப் பற்றி நான் தனிக் கட்டுரை எழுதலாம்.

மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நீர்க்காகம் முங்கி எழுந்தது. வெயில் ஏறியது. திடீரென்று தக்கை லேசாக நடுங்கிற்று. பிறகு அமிழாமல், மேலே எழும்பிச் சாய்ந்தது. பெரியவரின் மணிக்கட்டு அசைந்ததை நான் பார்க்கவே இல்லை. கழி வில்லாக வளைந்துவிட்டது. நரம்பு நீரைக் கீறிக்கொண்டு ஓடியது. அவர் இழுக்கவில்லை, விட்டார், வாங்கினார், மறுபடி விட்டார். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பழக்குகிற மாதிரி இருபது நிமிஷம். கடைசியில் கரையோரச் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது, வெள்ளித் தாம்பாளம் போல ஒரு கட்லா. ஏழு கிலோ.

எனக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 1952 செப்டம்பர் 13-ந் தேதி விடியற்காலையில், ரெட்மயர் என்ற குட்டையில் ரிச்சர்டு வாக்கர் என்பவர் 44 ராத்தல், அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அந்த நாட்டில் அதுவரை அவ்வளவு பெரிய கெண்டையை யாரும் தூண்டிலில் பிடித்ததில்லை. அவர் அதைச் சமைக்கவில்லை. லண்டன் மிருகக் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார். கிளாரிஸா என்ற பெயருடன் அது 1971 வரை அங்கே உயிரோடு இருந்தது. இப்போது அங்கே கெண்டை பிடிக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு மீனை மறுபடி நீரில் விட்டுவிடுகிறார்கள். "நீங்கள் ஏன் விடக் கூடாது?" என்று கேட்டேன்.

பெரியவர் ஏரியைக் கையால் காட்டினார். நீர் ஒதுங்கிய இடமெல்லாம் சேறு வெடித்திருந்தது. "அங்கே குட்டை வத்தாது, தம்பி. இங்கே சித்திரை வந்தா முழங்கால் தண்ணி. குத்தகைக்காரர் வலை இழுப்பார். அப்புறம் ஊரே ஊத்தாவும் கூடையுமா இறங்கிடும். நான் விட்டா அது யாருக்கு?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. குத்தகைக்காரருக்கு எடை போட்டுப் பணம் கொடுத்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாள் வைத்த குழம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஏரி மீனில் மண்வாடை அடிக்கிறது என்று பட்டணத்தில் பலர் ஒதுக்குகிறார்கள். பாசியிலிருந்து வரும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்குக் காரணம். புளிப்பு பட்டால் அது அடங்கிவிடும். அந்த அம்மாளுக்கு ரசாயனம் தெரியாது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் ஒரு தரம் அலசி, மாங்காய்க் கீற்றுடன் மண்சட்டியில் குழம்பு வைத்தார். மறுநாள் காலை பழைய சோற்றுடன் சாப்பிட்டபோது, ஏலக்காய் வழக்கில் நான் இரு கட்சிக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னேன்.

ஆனால் பெரியவரின் மனசு இந்த ஏழு கிலோவில் இல்லை. அன்று மாலை என்னை அணைக்கரைப் பக்கம் அழைத்துப் போனார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. அதற்குக் கல் வேண்டுமென்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் மதிலைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது வாஸ்தவம். இருந்தாலும் ராஜேந்திரன் எழுப்பிய மதில் இப்படி ஆற்றில் கிடப்பதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

அணைக்கு வெகுதூரம் கீழே, ஆறு வளைகிற இடத்தில் ஒரு மடு. எந்த இடம் என்று எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெள்ளத்தில் மேட்டூரிலிருந்தோ எங்கிருந்தோ வந்த கட்லா ஒன்று அதில் தங்கிவிட்டதாம். முதல் வருஷம் தூண்டிலில் மாட்டி, முள்ளை நிமிர்த்திவிட்டுப் போயிற்று. மறு வருஷம் நரம்பை அறுத்தது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் அதற்காகவே ரீலும் புதுக் கழியும் அனுப்பியிருக்கிறான். ரிச்சர்டு வாக்கர் மீன் கடித்தால் ஒலிக்கும் மின்சார மணியைக் கண்டுபிடித்தவர். நம் பெரியவர் பேத்தியின் சதங்கையிலிருந்து ஒரு சலங்கையைக் கழற்றிக் கழி நுனியில் கட்டியிருக்கிறார்.

சலங்கை ஒரு தரம் குலுங்கிற்று. வந்தது அதுவல்ல. இரண்டு சாண் நீளத்தில், உடல் கறுத்து, தடித்த உதடுடன் ஒரு மீன். "கருமுழிக் கெண்டை" என்றார். காவிரிக்கும் அதன் கிளைகளுக்கும் மட்டுமே சொந்தமான ஜாதி. வெண்கெண்டையும் இதுவும் சின்ன வயசில் கூடை கூடையாகக் கிடைக்குமாம். இப்போது மாதத்துக்கு ஒன்று பார்த்தால் அதிகம் என்கிறார். முள்ளைப் பதமாகக் கழற்றி, இரு கைகளாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்து, அது வாலை அசைத்த பிறகு விட்டார்.

"இதை விடலாம். ஆறு இன்னும் வத்தலை. நம்ம ஊர்க்காரன், பொழைச்சுப் போகட்டும்."

இருட்டுகிற நேரத்தில் மடுவின் நடுவே தண்ணீர் உள்ளிருந்து யாரோ தள்ளியதுபோல் மேடாகப் புடைத்தது. அகலமான முதுகு ஒன்று மெதுவாகப் புரண்டு மறைந்தது. வளையம் கரை வரை வந்து எங்கள் காலடியில் அடித்தது. பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எதிர்க் கரையில் நாலைந்து இளைஞர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மடுவைப் பார்த்தபடி போனார்கள். மணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி ஈரம் இருந்தது. போன வாரம் அதுவும் தண்ணீராக இருந்த இடம்.

"இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்றேன்.

"கோடை மழை பெஞ்சா தாங்கும். இல்லாட்டி அந்தப் பசங்க ஜெயிச்சுடுவாங்க."

நான் சென்னை திரும்பிய பிறகு இரண்டு தரம் டெலிபோன் செய்தேன். சித்திரையில் வலை இழுத்தார்களாம். நடுவே பாறை இடுக்கில் வலை கிழிந்து போய்விட்டதாம். அதை அவர் சொன்னபோது குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆடி பிறந்து, மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டதும் அவரே கூப்பிட்டார்.

"மடு தெரியலை, தம்பி. கரைக்குக் கரை தண்ணி. ஆசாமி இங்கேயே இருக்கானா, கடல் பக்கம் போயிட்டானா, புரட்டாசியிலேதான் தெரியும்."

பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. டப்பாவில் ஏலக்காய் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.